அபரிக்கிரகமும் கல்மாலையும்: 1915ஆம் ஆண்டின் இரு துறப்புகள்

1915ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், அகமதாபாத்தை அடுத்த கோச்ரப் என்னும் சிற்றூரில், வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு பங்களாவில் காந்தியின் சத்தியாகிரக ஆசிரமம் தொடங்கப்பெற்றது. அங்கே தங்குவோர் ஏற்க வேண்டிய நோன்புகளாக வாய்மை, கொல்லாமை, பிரமசரியம், சுவையடக்கம், கள்ளாமை, உடைமையின்மை ஆகியவை வகுக்கப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில், திருவிதாங்கூரின் கொல்லம் நகரில், புலையர் சமூகப் பெண்கள் தம் கழுத்தில் கிடந்த கல்மாலைகளைக் கூட்டத்தின் நடுவே கழற்றி எறிந்தனர். இரண்டும் துறப்புகளே. ஆயினும், குறைவாக உடைமை கொண்டு வாழ்தல் என்னும் கருத்தின் இந்திய வரலாற்றை எழுத முனைவோர் முதலாவதைக் கட்டாயம் குறிப்பிடுகின்றனர். இரண்டாவதைப் பெரும்பாலும் அந்த வரலாற்றில் சேர்ப்பதில்லை. இந்த இடைவெளி ஏன் தோன்றியது என்பதை ஒரு சொல்லின் வரலாற்றிலிருந்து விளங்கிக்கொள்ள இயலும்.

உடைமையின்மையைக் குறிக்கும் வடசொல் அபரிக்கிரகம். ‘பரி’ என்னும் முன்னொட்டு ‘சுற்றிலும்’ என்றும், ‘க்ரஹ்’ என்னும் வேர் ‘பிடித்தல்’ என்றும் பொருள்படும். சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்வது பரிக்கிரகம். அவ்வாறு பிடியாதிருத்தல் அபரிக்கிரகம். தமிழில் ‘பற்று’ என்னும் சொல்லும் இதே உருவகத்தின்மீதுதான் நிற்கிறது. கையால் பற்றுதலும் மனத்தால் பற்றுதலும் ஒரே வினையடியிலிருந்து பிறக்கின்றன. வணிகரின் கணக்கேட்டிலும் அச்சொல் ‘பற்று வரவு’ என இடம்பெறுகிறது. சமண மரபின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய தத்துவார்த்த சூத்திரம், பரிக்கிரகத்தைப் பொருளாக அன்றி, பொருளின்மீது கொள்ளும் மயக்கமாகவே வரையறுக்கிறது. இவ்வரையறை பெரிதும் போற்றப்படுவது, போற்றத்தக்கதும் ஆகும்.

எனினும் அச்சொல்லுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. வடமொழியில் பரிக்கிரகம் என்பது உடைமையை மட்டுமன்றி மனைவியையும், குடும்பத்தையும், ஏவலர் கூட்டத்தையும் குறிக்கும். பார்சுவநாதரின் நெறியில் நான்கு நோன்புகளே இருந்தன என்றும், மகாவீரர் அவற்றை ஐந்தாக்கினார் என்றும் சமண மரபு கூறுகிறது. நான்கில் பிரமசரியம் தனியாக ஏன் இல்லை என்னும் வினாவிற்கு, அது உடைமைத் துறப்பினுள்ளேயே அடங்கியிருந்தது என்பது மரபு தரும் விளக்கம். அதாவது, பெண் ஆணின் உடைமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட உலகில், உடைமையைத் துறத்தல் என்பதே பெண்ணைத் துறத்தலையும் குறித்தது.

இல்லறத்தாருக்குச் சமணம் முழுத் துறவை விதிக்கவில்லை. உடைமைக்கு ஓர் அளவை மட்டுமே விதித்தது. இன்னின்ன பொருளை இன்ன அளவுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று உறுதி பூணும் இந்நோன்பு பரிக்கிரக பரிமாணம் எனப்படும். நுகர்வுக்கு எல்லை வகுப்பதற்கு இவ்வளவு திட்டமான முறையைப் பண்டைக்காலத்திலேயே உருவாக்கியது அம்மரபின் பெருமை. ஆனால் அளவிடப்பட வேண்டியவற்றின் பட்டியலை நின்று வாசிக்க வேண்டும். நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், தட்டுமுட்டுப் பொருள்கள் ஆகியவற்றோடு, அடிமைப் பெண்ணும் அடிமை ஆணும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். எளிமை நோன்பு பூண்ட இல்லறத்தான் தன் அடிமைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிக்கொண்டான். எண்ணப்பட்டவர்களுக்கு அந்நோன்பு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை நூல்கள் பேசுவதில்லை.

கேரளத்தின் நிலவுடைமை வரலாற்றில் இந்த ‘எண்ணப்பட்டவர்கள்’ முகம் பெறுகின்றனர். 1800-01இல் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், வேளாண் அடிமைகள் விற்கப்பட்டதையும், ஒற்றி வைக்கப்பட்டதையும், வாடகைக்கு விடப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். நிலத்தைக் கைமாற்றிய அதே வழிகளில் மனிதரும் கைமாற்றப்பட்டனர். திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டின் அரசப் பிரகடனம் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது. வழக்கமோ ஒழியவில்லை. புலையர் பொதுச் சாலையில் நடக்கவும், நல்லாடை உடுக்கவும், பெண்கள் மார்பை மறைக்கவும், பொன்னும் வெள்ளியும் அணியவும் தடைகள் தொடர்ந்தன. அணிய விடப்பட்டது கல்மணி மாலை மட்டுமே. அது கழுத்தில் தொங்கும் சாதி அடையாளம்.

இத்தடைகளை எதிர்த்தவர்களின் முதற்செயல் துறப்பு அன்று, ஈட்டல். அய்யன்காளி 1893இல் ஒரு வில்வண்டியை வாங்கி, தூய வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, தடை செய்யப்பட்ட சாலையில் ஓட்டிச் சென்றார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். கல்மாலையைக் கழற்றி மேலாடை அணியுமாறு பெண்களுக்கு அவர் விடுத்த அழைப்பே கல்மாலைப் போராட்டமாயிற்று. 1915 அக்டோபரில், கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், அவருடைய தொண்டர் கோபாலதாசன் தலைமையில் கூடிய கூட்டத்தை ஆதிக்கச் சாதியினர் தாக்கினர். கலவரம் பரவியது, குடிசைகள் எரிக்கப்பட்டன. அதன் பின் டிசம்பரில் கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில், சங்கனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில் கூடிய கூட்டத்தில்தான் பெண்கள் மாலைகளை அறுத்தெறிந்தனர். அவர்கள் தம் வாழ்வை எளிமையாக்கிக்கொள்ள அதைச் செய்யவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட எளிமையை அறுத்தனர். மறுக்கப்பட்ட ஆடையை உரிமையாகக் கொண்டனர்.

இவ்விரு கூட்டங்களுக்கும் முன்பே, அதே ஆண்டு செப்டம்பரில், கோச்ரப் ஆசிரமமும் ஒரு சோதனைக்குள்ளாயிற்று. தூதாபாய், தானிபென், குழந்தை லட்சுமி ஆகியோரைக் கொண்ட, தீண்டத்தகாததாகக் கருதப்பட்ட குடும்பம் ஒன்றைக் காந்தி ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டார். கிணற்றில் நீர் எடுப்பதில் தொல்லை எழுந்தது, நன்கொடைகள் நின்றன. பணம் முற்றும் தீர்ந்த நிலையில், செல்வர் ஒருவர் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துச் சென்றதாகக் காந்தி தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். இந்நிகழ்ச்சியைக் கொண்டு ஆசிரமத்தை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது முறையன்று. உடைமையின்மையைத் தீண்டாமை எதிர்ப்போடு சேர்த்து ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பார்க்க முனைந்த முயற்சி அது. 1930இல் எரவாடா சிறையிலிருந்து எழுதிய கடிதங்களிலும், தேவைக்கு மேல் வைத்திருப்பதைக் களவுக்கு இணையாகக் கருதிய காந்தி, துறப்பைச் செல்வரே முதலில் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

ஆயினும் அவ்வறத்தின் மீதான ஆழமான வினாவை எழுப்பியவர் அம்பேத்கர். பொருள் ஈட்டும் ஆற்றல் இருப்பினும் சூத்திரன் செல்வம் சேர்த்தல் ஆகாது என்பது மனுஸ்மிருதியின் விதி. 1927 டிசம்பர் 25இல் மகாடில் அந்நூல் எரிக்கப்பட்டமைக்கு இத்தகைய விதிகளே காரணம். 1945இல் வெளியான, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தவற்றை ஆராயும் நூலில், அம்பேத்கர் இவ்விதியைக் கட்டாய வறுமைச் சட்டம் என்று சாடினார். அத்தடையை நீக்குவதற்கு மாறாக, உடைமையை விரும்பாத சூத்திரனைப் புகழ்வது தடையையே அறமாக மாற்றிவிடும் என்பது அவரது வாதத்தின் சாரம். ஓய்வும் பண்பாட்டு வாழ்வும் எல்லோருக்கும் கிட்ட வேண்டுமாயின் இயந்திரமும் பொருள் வளமும் தேவை என்பதையும் அவர் அங்கே வலியுறுத்தினார்.

காந்தி தம் அறத்தைச் செல்வரை நோக்கிக் கூறினார். அம்பேத்கர் அதே அறம் இல்லாதவர் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்டார். துறத்தல் என்னும் வினைக்கு எழுவாயாக நிற்பவருக்கு, அதற்கு முன்பே உடைமை கொள்ளும் உரிமை இருந்திருக்க வேண்டும். அவ்வுரிமை இல்லாதவரின் இன்மைக்கு எளிமை என்று பெயரிடுவது சொற்பிழை மட்டுமன்று.

இன்று மினிமலிசம் என்னும் பெயரில் அலமாரிகளைக் காலிசெய்யும் நகர்ப்புற நடுத்தர வர்க்கம், இந்திய மரபில் அதற்கு முன்னோடிகளைத் தேடுகிறது. தேடல் தவறன்று, பூமியின் வளம் சுருங்கும் காலத்தில் பரிக்கிரக பரிமாணம் போன்ற ஓர் அளவுகோல் மீண்டும் தேவைப்படவும் கூடும். அப்பழைய பட்டியலை எடுத்து வாசிப்போர், பொன்னுக்கும் தானியத்துக்கும் பிறகு வரும் இரு பெயர்களையும் தாண்டாமல் வாசிக்க வேண்டும். அப்போது கொல்லத்தின் சர்க்கஸ் கூடாரமும் அந்த வரலாற்றின் ஓர் இயலாக வந்து சேரும்.