மலேசியாவில் எரிபொருள் மானியம்

மலேசியாவில் எரிபொருள் மானியம் என்பது பெட்ரோல், டீசல் போன்ற எரிபொருள்களைச் சந்தை விலையிலும் குறைவாக விற்பதற்காக மலேசிய நடுவண் அரசு ஏற்கும் செலவு ஆகும். உலகச் சந்தையில் பாறை எண்ணெயின் விலை உயரும்போது இச்செலவும் உயர்கிறது. நாட்டின் பெரும்பாலான குடும்பங்கள் மகிழுந்தையோ மோட்டார் சைக்கிளையோ நம்பியிருப்பதால், மானியத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் குடும்பச் செலவையும் அரசியலையும் நேரடியாகப் பாதித்து வந்துள்ளது.

இக்கட்டுரையில் விலைகள் மலேசிய ரிங்கிட்டில் தரப்பட்டுள்ளன. மலேசியத் தமிழர் இதனை வெள்ளி என அழைப்பர். ஒரு ரிங்கிட் 100 சென் ஆகும்.

விலை நிர்ணயிக்கப்படும் முறை

1983 ஆம் ஆண்டில் தானியங்கு விலை நிர்ணய முறை அறிமுகப்படுத்தப்பட்டது. இம்முறையில் ஒரு லிட்டர் எரிபொருளின் உண்மை விலை பின்வரும் கூறுகளைக் கூட்டிப் பெறப்படுகிறது.

* சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயின் விலை
* கொண்டு செல்லும் செலவு, நிருவாகச் செலவு
* எண்ணெய் நிறுவனத்தின் இலாபம்
* எண்ணெய் நிலைய உரிமையாளரின் இலாபம்

இக்கூட்டுத்தொகை அரசு அறிவித்த விலையிலும் குறைவாக இருந்தால், வேறுபாடு விற்பனை வரியாக அரசுக்குச் சேரும். கூடுதலாக இருந்தால், அரசு முதலில் வரியை விட்டுக்கொடுக்கும். அதுவும் போதாதபோது எஞ்சிய தொகையை எண்ணெய் நிறுவனங்களுக்கு மானியமாக வழங்கும். எனவே நிலையத்தில் எழுதப்பட்டுள்ள விலை மாறாதிருந்தாலும், அதன் பின்னால் உள்ள மானியம் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும்.

மகிழுந்தைச் சார்ந்த வாழ்க்கை

1983 இல் புரோட்டோன் நிறுவனமும் 1993 இல் பெரோடுவா நிறுவனமும் தொடங்கப்பட்டன. உள்நாட்டுத் தயாரிப்பான புரோட்டோன் சாகா 1985 இலும், சிறிய மகிழுந்தான பெரோடுவா கஞ்சில் 1994 இலும் வெளிவந்தன. நீண்ட தவணைக் கடன்களும் நெடுஞ்சாலைகளும் மகிழுந்து வாங்குவதை எளிதாக்கின. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வெளியே, தொடருந்துச் சேவை வீட்டிலிருந்து பணியிடம் வரை கிடைப்பது அரிது. ஆதலால் எரிபொருள் விலை உயரும்போது, பயணத்தைக் குறைப்பது பலருக்கு இயலாத ஒன்றாகும். அவர்கள் வேறு செலவுகளையே குறைக்க வேண்டியுள்ளது.

2008 விலை உயர்வு

2006 பெப்ரவரி இறுதியில் பெட்ரோல் விலை 1.62 ரிங்கிட்டிலிருந்து 1.92 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் எண்ணெய் 120 அமெரிக்க டாலரைக் கடந்த நிலையில், பிரதமர் அப்துல்லா அகமது படாவியின் அரசு 2008 சூன் 5 முதல் புதிய விலையை நடைமுறைப்படுத்தியது. பெட்ரோல் 1.92 இலிருந்து 2.70 ரிங்கிட்டாகவும், டீசல் 1.58 இலிருந்து 2.58 ரிங்கிட்டாகவும் ஒரே நாளில் உயர்ந்தன. அறிவிப்பு வெளியான மாலையில் எண்ணெய் நிலையங்களில் நீண்ட வரிசைகள் காணப்பட்டன. 2008 சூலையில் ஆண்டுப் பணவீக்கம் 8.5 விழுக்காட்டை எட்டியது.

இழப்பை ஈடுசெய்ய வாகன உரிமையாளர்களுக்குப் பணமாக உதவித்தொகை வழங்கப்பட்டது. 2000 சிசி வரையிலான தனியார் மகிழுந்துக்கு ஆண்டுக்கு 625 ரிங்கிட்டும், 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு 150 ரிங்கிட்டும் அஞ்சல் நிலையங்கள் வழியாக அளிக்கப்பட்டன. 2000 சிசிக்கு மேற்பட்ட மகிழுந்துகளுக்குச் சாலை வரியில் 200 ரிங்கிட் குறைக்கப்பட்டது.

ஒரு லிட்டருக்கு 78 சென் உயர்வு எனக் கொண்டால், 625 ரிங்கிட் என்பது ஏறத்தாழ 800 லிட்டருக்கான ஈடாகும். மாதம் 65 லிட்டர் பயன்படுத்தும் ஒருவருக்கு இத்தொகை போதுமானது. மாதம் 150 லிட்டர் பயன்படுத்தும் ஒருவருக்கோ ஆண்டுச் செலவு 1,404 ரிங்கிட் கூடியிருக்கும். உதவித்தொகை அதில் பாதியைக்கூட ஈடுசெய்யாது. பணியிடத்திலிருந்து தொலைவில், வீட்டு விலை குறைந்த புறநகர்களில் குடியிருந்தோரே இவ்வகையில் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

பின்னர் உலகச் சந்தை விலை சரிந்ததால், ஆகத்து முதல் உள்நாட்டு விலையும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2008 திசம்பரில் பெட்ரோல் 1.80 ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டது.

கட்டுப்பாடு நீக்கமும் மீட்பும்

2009 செப்டம்பரில் ரோன் 92 வகைப் பெட்ரோலுக்குப் பதிலாக ரோன் 95 அறிமுகமானது. ரோன் என்பது எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளாமல் அழுத்தத்தைத் தாங்கும் திறனைக் குறிக்கும் எண் ஆகும். 2010 முதல் ரோன் 97 வகைக்கான மானியம் நீக்கப்பட்டது. ரோன் 95 வகைக்கு மானியம் தொடர்ந்தது. அதே ஆண்டில், சிங்கப்பூர், தாய்லாந்து முதலிய வெளிநாடுகளில் பதிவான வாகனங்களுக்கு ரோன் 95 விற்பது தடை செய்யப்பட்டது.

ரோன் 95 விலையில் நிகழ்ந்த முதன்மையான மாற்றங்கள் (ஒரு லிட்டருக்கு):

* 2010 திசம்பர் - 1.90 ரிங்கிட்
* 2013 செப்டம்பர் - 2.10 ரிங்கிட்
* 2014 அக்டோபர் - 2.30 ரிங்கிட்
* 2014 திசம்பர் 1 - மானியம் நீக்கம். சந்தையைச் சார்ந்த மாத விலை
* 2017 மார்ச் இறுதி - வார விலை
* 2018 நடுப்பகுதி - ஆட்சி மாற்றத்திற்குப் பின் 2.20 ரிங்கிட்டாக நிலைநிறுத்தம்
* 2021 - உச்சவரம்பு 2.05 ரிங்கிட்

2014 இல் மானியம் நீக்கப்பட்டபோது உலகச் சந்தை விலை சரிந்து கொண்டிருந்ததால் பொதுமக்கள் பெரும் சுமையை உணரவில்லை. விலை மீண்டும் ஏறியபோது உச்சவரம்பும் அதனுடன் மானியமும் திரும்பின. 2022 இல் உக்ரைன் போரை ஒட்டி எண்ணெய் விலை உயர்ந்த நிலையில், அவ்வாண்டின் எரிபொருள் மானியச் செலவு ஏறத்தாழ 50 பில்லியன் ரிங்கிட்டாக இருந்தது.

இலக்கு மானியம்

அனைவருக்கும் ஒரே விலை என்னும் முறையில் கூடுதலாக எரிபொருள் பயன்படுத்துவோருக்குக் கூடுதலான மானியம் சென்று சேர்கிறது. பெரிய மகிழுந்துகள் இரண்டு வைத்திருக்கும் குடும்பம், மோட்டார் சைக்கிள் ஒன்று மட்டும் வைத்திருக்கும் குடும்பத்தை விடப் பல மடங்கு பயன் பெறுகிறது. அண்டை நாடுகளுக்கு டீசல் கடத்தப்படுவதும் மற்றொரு குறைபாடாகச் சுட்டப்பட்டது.

இவற்றைக் களையும் நோக்குடன், பிரதமர் அன்வர் இப்ராகிமின் அரசு 2024 சூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலையை 2.15 இலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்த்தியது. தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை வழங்கப்பட்டது. சபா, சரவாக், லாபுவான் ஆகிய பகுதிகளுக்கு இவ்வுயர்வு அப்போது பொருந்தவில்லை.

2025 செப்டம்பர் இறுதியில் ரோன் 95 வகைக்கு புடி95 என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியக் குடிமக்கள் மைகாட் அடையாள அட்டையைக் காட்டி மாதம் 300 லிட்டர் வரை 1.99 ரிங்கிட் விலையில் பெற்றனர். மற்றவர்களுக்குத் தொடக்க விலை 2.60 ரிங்கிட் ஆகும். நாட்டில் நீண்டகாலம் வாழ்ந்தும் நிரந்தரவாசத் தகுதி மட்டும் உடையோர் இதில் சேர்க்கப்படவில்லை.

தொடக்க விலைகளின்படி, முழு அளவையும் பயன்படுத்தியவருக்குக் கிடைத்த மானியம் மாதம் 183 ரிங்கிட்; 30 லிட்டர் மட்டும் பயன்படுத்திய மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்குக் கிடைத்தது 18.30 ரிங்கிட். வெளிநாட்டினரும் அளவுக்கு மீறிய பயன்பாடும் விலக்கப்பட்டாலும், குடிமக்களிடையே பயன்பாட்டைப் பொறுத்து மானியம் கூடும் நிலை 300 லிட்டர் வரை நீடித்தது.

மகிழுந்து உரிமையாளர்கள் மீதான விளைவுகள்

* எரிபொருள் சிக்கனமுள்ள சிறிய மகிழுந்துகளுக்கு மதிப்பு கூடியது. 2005 இல் வெளிவந்த பெரோடுவா மைவி நாட்டில் மிகுதியாக விற்பனையான மகிழுந்துகளுள் ஒன்றாகும்.
* 2008 க்குப் பின் வாடகை மகிழுந்து ஓட்டுநர்கள் பலர் இயற்கை எரிவளிக்கு மாறினர்.
* பெரிய பொறியுள்ள பழைய மகிழுந்துகளை வைத்திருப்போர் இருவகையில் பாதிக்கப்படுகின்றனர்: எரிபொருள் செலவு கூடுகிறது, வாகனத்தின் மறுவிற்பனை விலையோ குறைகிறது.
* டீசல் விலை உயர்வு சரக்குக் கட்டணத்தின் வழியாக, மகிழுந்து இல்லாதோரின் செலவையும் கூட்டக்கூடும். இதனால் சரக்கு வாகனங்கள் பலவற்றிற்குத் தனி மானிய விலை வழங்கப்பட்டது.