உத்தியோகமும் அறிமுகமும்: சிபார்சுக் கடிதம் முதல் இணைய வலையமைப்பு வரை

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது எம்மவர் கொண்ட மோகத்தைக் காட்டுதற்கே இதனை எடுத்தாள்வர். ஆயின், கோழி மேய்க்க ஆள் தேவை என்ற செய்தி, மேய்க்க விரும்பியவனை எவ்வழியாக வந்தடைந்தது என்பதை நாம் வினவுவதில்லை. கல்வியால் உத்தியோகம் கிடைத்தது என்கின்றோம். கல்விக்கும் உத்தியோகத்துக்கும் இடையில் நின்ற மனிதரை மறந்துவிடுகின்றோம். அம்மனிதர் காலந்தோறும் எவ்வாறு மாறினர் என்பதையும், இன்று அவரிடத்துக்கு வந்துள்ள இணையத் தொழில்சார் வலையமைப்பு முரசுமோட்டை போன்றதொரு வன்னிக் கிராமத்து இளைஞருக்கு எதனை அளிக்கவல்லது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் திறைசேரியிலும் ஆங்கிலமறிந்த எழுதுவினைஞர் பலர் வேண்டப்பட்டனர். மிசன் பாடசாலைகளிற் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். முன்னர் சென்றவர் தம்பிக்கும் மைத்துனனுக்கும் மருமகனுக்கும் கடிதம் எழுதினார். வந்திறங்கியவர் உறவினர் வீட்டில் உண்டு உறங்கி, அவரது சொல்லின் துணையோடு மேலதிகாரி முன் நின்றார். 1900ஆம் ஆண்டில் சிலாங்கூரில் இலங்கைத் தமிழர் சங்கம் தோன்றுமளவுக்கு அச்சமூகம் வேரூன்றியது. இம்முறையின் வலிமை நம்பிக்கையாகும். அதன் குறைபாடும் அந்நம்பிக்கையின் எல்லையே. உறவும் ஊரும் சாதியும் வகுத்த வட்டத்துக்கு வெளியே நின்றவனுக்கு அக்கடிதம் எழுதப்படவில்லை.

உத்தியோகம் எட்டாதவருக்குக் காணி மாற்றுவழியாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சன நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1930களில் இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேற்றங்கள் உருவாயின. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் அமைந்துள்ள முரசுமோட்டையும் இந்நெல்வயற் பிரதேசத்தைச் சேர்ந்ததே. அதே வீதியில் மேலுஞ் சென்றால் வரும் விசுவமடுவில் படித்த இளைஞர் குடியேற்றத் திட்டம் நடைபெற்றது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியபோது அங்கு மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு நிமிர்ந்தோர் பலர். எனவே வன்னியின் குடியேற்ற வரலாறு, ஒருவகையில், வேலை தேடலின் வரலாறுமாகும்.

நாடு சுதந்திரம் பெற்றபின் இடைநின்ற மனிதர் அரசியல்வாதியானார். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அரசாங்க சேவையில் தமிழருக்கிருந்த வாயிலைச் சுருக்கியது. எஞ்சிய வாயிலிலும் பாராளுமன்ற உறுப்பினரின் ‘சிட்டு’ காவல்நின்றது. 1977ஆம் ஆண்டின் பின் வந்த தொழில் வங்கித் திட்டம் விண்ணப்பப் படிவங்களையே உறுப்பினர்கள் வாயிலாக வழங்கி அவ்வழக்கத்துக்கு நிருவாக வடிவம் கொடுத்தது. இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு 1990ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, தொழில் வழங்கலில் நிகழ்ந்த அரசியற் பாரபட்சத்தை இளைஞர் கொந்தளிப்பின் முக்கிய காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. ஒருவனுக்கு வேலை மறுக்கப்படுவதிலும், அவனை அறிந்தவர் எவருமில்லை என்பதற்காக மறுக்கப்படுவதே ஆழமான காயமாகின்றது.

அறிமுகத்தின் இவ்வாற்றலை அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ஆம் ஆண்டு ஆராய்ந்து காட்டினார். அறிமுகத்தின் வழியே வேலை பெற்றோரிடம், செய்தி தந்தவரை எவ்வளவு காலத்துக்கொருமுறை சந்தித்தீர்கள் என அவர் வினவினார். அடிக்கடி சந்தித்தோம் என்றோர் 16.7 வீதத்தினரே, இடையிடையே சந்தித்தோம் என்றோர் 55.6 வீதத்தினர், அரிதாகச் சந்தித்தோம் என்றோர் 27.8 வீதத்தினர். காரணம் எளிது. நெருங்கியோர் அறிந்ததை நாமும் அறிவோம். புதிய செய்தி வேறொரு வட்டத்தில் உலாவுபவரிடமிருந்தே வருகின்றது.

இவ்வகையான மெல்லிய உறவுகளைத் தொகுத்துப் பேணுவதே 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லிங்க்டின் வலையமைப்பின் தொழில். 2022ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று, அதன் இரண்டு கோடிப் பயனாளரிடத்து நிகழ்த்திய பரிசோதனைகளைக் கொண்டு கிரானோவெட்டரின் கருத்தைச் சோதித்தது. மெல்லிய உறவுகள் வேலை மாற்றத்துக்கு உதவுவது உண்மையென நிறுவப்பட்டது; ஆயினும் மிக மெல்லியவையன்றி, ஓரளவு மெல்லியவையே மிகுந்த பயன் தந்தன. கணினிசார் தொழில்களில் மெல்லிய உறவும், ஏனைய தொழில்களில் நெருங்கிய உறவும் கூடுதலாக உதவின என்பதும் அவ்வாய்வின் முடிபாகும்.

இம்முடிபுகளை முரசுமோட்டையில் வைத்து நோக்குவோம். அங்கு நெருங்கிய உறவுக்குப் பஞ்சமில்லை. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டிலும் ஊரோடு இடம்பெயர்ந்து, முகாம்களில் ஒன்றாய் வாழ்ந்து, ஒன்றாய் மீண்ட மக்களின் பிணைப்பு எளிதில் அறுவதன்று. ஆனால் அப்பிணைப்புக்குள் வரும் செய்தி பெரும்பாலும் ஒன்றே: குளத்து நீர்மட்டம், நெல் விலை, அரசாங்க நியமனம் எப்போது என்பன. 2017ஆம் ஆண்டு வேலையற்ற பட்டதாரிகள் வடக்கில் வீதியோரத்தில் அமர்ந்து போராடியபோது அரசாங்கத்திடமே வேலை கேட்டனர். வேறு வாயில்களைக் காட்டுவார் அவர்களிற் பலருக்கு இருந்திலர் என்பதையும் அப்போராட்டத்தினூடே நாம் வாசிக்கலாம். கொழும்பில் அதிகாரியின் பிள்ளை மெல்லிய உறவுகளைப் பிறப்பிலேயே பெறுகின்றது. கமக்காரரின் பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியுள்ளது.

இணைய வலையமைப்பு இங்கு ஒரு புதுமையைச் செய்கின்றது. பிறர் எழுதித் தரும் நற்சான்றுக்குக் காத்திராது, தன் கல்வியையும் ஆற்றலையும் தானே எழுதி முன்வைக்க அது இடமளிக்கின்றது. முன்பின் அறியாதவரிடம் முறைப்படி ஒரு வினாவைக் கேட்கவும் வழிதிறக்கின்றது. எனினும் அது சமத்துவத்தைத் தானாகப் படைப்பதில்லை. அங்கு வழங்கும் மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. ஏற்கெனவே பலரை அறிந்தவருக்கே அது மேலும் பலரை அறிமுகஞ் செய்கின்றது. முதல் உறவு இல்லாதவனுக்குப் பக்கம் திறந்திருந்தும் வீதி வெறுமையே.

அம்முதல் உறவாக நிற்கவல்லவை பல்கலைக்கழகங்களும் அவற்றின் மாணவர் சங்கங்களுமே. பட்டம் பெற்று வெளியேறிய கலைப்பீடத்தார் எங்கெங்கு, எத்தொழிலில் உள்ளனர் என்று பதிந்துவைத்து, அவர்களையும் இறுதியாண்டு மாணவரையும் அவ்வலையமைப்பில் இணைத்துவிடுதல் பெரும் பொருட்செலவின்றி இயல்வதே. மலாயாவுக்குச் சென்றவர் தம் மருமகனுக்கு எழுதிய கடிதத்தை, உறவுமுறையில்லாத ஒரு கிராமத்து மாணவனுக்கும் நாம் எழுதுவோமாயின், அவ்வரலாற்றின் நன்மையைக் கொண்டு அதன் அநீதியை விலக்கியோராவோம்.