கட்டைப் பிரிக்காதீர்: பழைய அறிவியல் அறிக்கைகளும் கையெழுத்து ஆவணங்களும்

சென்னை ஆழ்வார்பேட்டையிலும் அதை ஒட்டிய மயிலாப்பூர், தேனாம்பேட்டைத் தெருக்களிலும் தனி வீடுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிக்கொண்டே வருகின்றன. வீடு காலியாகும் வாரத்தில் பாத்திரத்துக்கும் நாற்காலிக்கும் ஆள் வந்துவிடுவார்கள். பரணில் கிடக்கும் காகிதக் கட்டுகள் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறும். வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் பேராசிரியர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி இது. அந்தக் கட்டுகளில் என்ன இருந்தது என்பதை எடைக்கல் சொல்லாது. எல்டாம்ஸ் சாலையில் சி. பி. ராமசாமி ஐயரின் 'தி குரோவ்' இல்லம் அவர் பெயரிலான அறக்கட்டளையின் இடமானது. அப்படியொரு வாய்ப்பு எல்லா வீட்டுக்கும் அமைவதில்லை.

தராசுக்கும் காகிதக் கூழுக்கும் நடுவே நிற்பவர் பழைய ஆவணச் சேகரிப்பாளர். அவர் செய்வது பெரும் தொண்டு. ஆனால் சேகரிப்பாளர்களிடையே ஒரு கெட்ட பழக்கமும் உண்டு: கட்டாக வாங்கி, பிரபலமான கையெழுத்துள்ள தாளையும் வரைபடமுள்ள பக்கத்தையும் உருவி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விற்றுவிடுவது. ஓர் ஆவணம் சொல்லும் செய்தியில் பெரும்பங்கு அதனோடு சேர்ந்து கிடந்த தாள்களில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குச் சென்னையே தரும் வலுவான சான்று சீனிவாச ராமானுஜனின் காகிதங்கள். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஆகஸ்டிலும் நவம்பரிலும் 1914 மார்ச்சிலுமாக மூன்று அறிக்கைகள் கொடுத்தார். பின்னாளில் 'ராமானுஜனின் தலைமைத் தேற்றம்' என்று பெயர் பெற்ற முடிவு அவற்றில்தான் இருக்கிறது. மூல அறிக்கைகள் தொலைந்துவிட்டன. 1925இல் டி. ஏ. சதகோபன் கையால் எழுதிவைத்த படி இல்லாவிட்டால் அவற்றின் உள்ளடக்கமும் போயிருக்கும். கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி 1940இல் வெளியிட்ட தம் நூலில் இந்த அறிக்கைகளுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். உதவித்தொகைக்காகக் கணக்குக் காட்டிய அலுவலகத் தாள் ஒன்று கணித வரலாற்றின் மூல ஆவணமாகும் என்று அன்றைய எழுத்தர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

இதனினும் வியப்பானது 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று இன்று அழைக்கப்படும் தாள்களின் கதை. ராமானுஜன் 1920 ஏப்ரலில் மறைந்தபின், அவருடைய காகிதங்களைப் பல்கலைக்கழகப் பதிவாளர் பிரான்சிஸ் டியூஸ்பரி 1923இல் ஹார்டிக்கு அனுப்பினார். அந்தத் தாள்கள் பின்னர் கணிதவியலாளர் ஜி. என். வாட்சனிடம் போயின. வாட்சன் 1965இல் இறந்தார். அவருடைய அறைத் தரையெங்கும் காகிதங்கள் குவிந்து கிடந்தன. இன்னும் சில நாட்களில் எரிக்கப்படவிருந்த நிலையில் மீட்கப்பட்டவை அவை. அங்கிருந்து 1968இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகம் சேர்ந்தன. 1976இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைப் புரட்டியபோது, கையெழுத்தும் 'மாக் தீட்டா' சார்புகளும் எழுதியவரைக் காட்டிக்கொடுத்தன. அந்தச் சார்புகளைப் பற்றி ராமானுஜன் 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதியிருந்தார். தாள்கள் அவருடைய இறுதி ஆண்டைச் சேர்ந்தவை என்று உறுதிப்பட அந்தக் கடிதம் உதவியது. கட்டு சென்னையிலிருந்து போன வழியை அறிஞர்கள் ஊகித்ததும் அனுப்புக் கடிதம் போன்ற, ஏலத்தில் விலை போகாத தாள்களை வைத்துத்தான்.

அறிவியல் அறிக்கைகளின் கதி இன்னும் மோசம். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கிய சென்னை வானாய்வுக் கூடத்தின் நார்மன் போக்சன், பின்னாளில் ஹீலியத்தோடு தொடர்புபட்ட மஞ்சள் கோட்டைக் கண்டு எழுதினார். அவர் அறிக்கை சென்னையில் அச்சான அரசு வெளியீடாகவே நின்று, பரவலாகப் படிக்கப்படாமல் போனது. இத்தகைய வெளியீடுகள் நூலகப் பட்டியலுக்குள் எளிதில் வராது. பழைய புத்தகக் கடைகளே அவற்றின் புகலிடம். அந்தப் புகலிடமும் நிலையானதல்ல. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது அங்கிருந்த புத்தகக் கடைகளும் சேர்ந்து எரிந்தன.

கட்டைப் பிரித்தால் என்னாகும் என்பதற்குக் நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் சுவடித் தொகுப்பு சாட்சி. காவலி சகோதரர்கள் முதலான உள்ளூர் அறிஞர்களின் உழைப்பால் திரண்டது அது. 1821இல் அவர் இறந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிப் பிரித்துவிட்டது. இன்று தமிழ்ச் சுவடியைச் சென்னையிலும், அதே தொகுப்பின் மொழிபெயர்ப்புகளை லண்டனிலும் தேட வேண்டியிருக்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா வேறு வழியில் போனார். பெயர்ப்பலகை ஓவியரான அவர் நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பத்திரிகை நறுக்கு என எதையும் தள்ளாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளைச் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கி, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்தியது. தமிழ் அச்சுப் பண்பாட்டை ஆராய்வோர் இன்று தரமணியிலுள்ள அந்த நூலகத்துக்குப் போவதன் காரணம் அந்த முழுமைதான்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஸ்கேன் எழுத்தைக் காக்கும். எந்த உறைக்குள், எந்தத் தாளுக்கு அடுத்து இருந்தது என்பதை யாராவது எழுதிவைத்தால்தான் படத்திலும் அது வரும். எனவே வாங்கிய தேதி, கடை, விற்றவர் சொன்ன வீட்டு விவரம், தாள்கள் இருந்த வரிசை ஆகியவற்றை ஒரு சீட்டில் குறித்துக் கட்டோடு வைப்பது சேகரிப்பாளரின் முதல் வேலை. சட்டமும் இதில் தலையிடுகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, அறிவியல் அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 ஆண்டுகளைக் கடந்திருந்தால் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1940களில் ஆழ்வார்பேட்டை வீடொன்றில் எழுதப்பட்ட ஆய்வுக் குறிப்பும் இப்போது அந்த வயதை எட்டிவிட்டது.