முக்கோணத்தின் மூன்று கோணங்கள்: ஒரு தேற்றமும் சில சொற்களும்

முக்கோணத்தின் மூன்று உட்கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும் என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். அறிவது வேறு, ஏன் என உணர்வது வேறு. இத்தேற்றம் நடந்துவந்த வழியையும், அதனைத் தமிழில் கற்பிக்கும் சொற்களின் திறத்தையும் ஈண்டு ஒருசேர நோக்குவோம்.

கி.மு. 300ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட், தம் 'மூலங்கள்' நூலின் முதற்பகுதியில் 32ஆம் தேற்றமாக இதனை வைத்தார். அவர் 180 என்னும் எண்ணைக் கூறவில்லை. மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்றே கூறினார். வட்டத்தை 360 பாகையாகப் பகுக்கும் முறை பாபிலோனிய வானியலின் வழிவந்தது. ஆகவே 180 என்பது நாம் வழங்கும் அலகின் விளைவு. இரண்டு செங்கோணம் என்பதே முக்கோணத்தின் இயல்பு.

இதனை நிறுவுவது எளிது. முக்கோணத்தின் உச்சி வழியே அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு கோடு வரைவோம். அடியிலுள்ள இரு கோணங்களுக்கும் சமமான ஒன்றுவிட்ட கோணங்கள் உச்சியின் இருமருங்கும் அமையும். இடையில் உச்சிக்கோணம் நிற்கும். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்புவதால் அவை இரண்டு செங்கோணங்கள் ஆகின்றன. இந்நிறுவலைப் பித்தகோரசு வழியினர் கண்டதாக எவுதேமசு உரைத்தார் என்பது, கி.பி. 5ஆம் நூற்றாண்டினரான புரோக்ளசு தரும் செய்தி.

இங்கு நாம் இணைகோட்டை நம்பினோம் என்பதை மறத்தலாகாது. அந்நம்பிக்கைக்கு அடிப்படை யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள். 1829இல் லோபசெவ்ஸ்கியும் 1832இல் போல்யாயும் அதனை விலக்கிய வேறொரு வடிவியலை வெளியிட்டனர். அங்கு முக்கோணத்தின் கோணத்தொகை இரண்டு செங்கோணத்திற்குக் குறைவு.

கோளத்தின் பரப்பிலோ தொகை மிகும். நிலநடுக்கோட்டில் 90 பாகை இடைவெளியுள்ள இரு புள்ளிகளிலிருந்து வடமுனைக்குச் செல்லும் நெடுங்கோடுகளை எண்ணிப் பார்ப்போம். அம்முக்கோணத்தின் மூன்று கோணங்களும் செங்கோணங்களே. தொகை 270 பாகை. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தம் முக்கோண நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனுக்கு இம்மிகுதி ஏட்டுச் செய்தியன்று. ஏறத்தாழ 197 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள முக்கோணத்தில் அது ஒரு விகலை, அதாவது பாகையின் 3,600இல் ஒரு பங்கு. பெரிய முக்கோணங்களை அளப்போர் இதனைக் கணக்கிற் கொள்ளாவிடின் பிழை நேரும். நம் ஏட்டுத்தாளில் வரையும் முக்கோணத்திலோ அது புலப்படாது.

இனிச் சொற்களுக்கு வருவோம். கோணம் வடமொழியிலும் வழங்கும் சொல். ஆயினும் வளைதலைக் குறிக்கும் 'கோணு' என்னும் வினையும் 'கோணல்' என்னும் பெயரும் தமிழ் மாணவர் செவியில் அதனோடு இயைந்து ஒலிக்கின்றன. செங்கோணத்தின் 'செம்' நிறத்தைக் குறிப்பதன்று. செங்கோலில் உள்ள செம்மையே, அதாவது நேர்மையே, இங்கும் உள்ளது. குறுங்கோணம் அதனினும் குறுகியது, விரிகோணம் விரிந்தது. இருசமபக்க முக்கோணம் என்னும் தொடர் தன் வரையறையைத் தானே சொல்லிவிடுகிறது. பொருள் விளங்கிய மாணவருக்கு மனப்பாடச் சுமை குறைகிறது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவை அரசு 2009இல் அறிவித்தது. ஒரு துறையை ஒரு மொழியில் கற்பிக்காதபோது அத்துறைச் சொற்கள் அகராதியில் இருக்கும், நாவில் இரா. கலைச்சொல்லைக் காப்பது வகுப்பறை வழக்கே.

எனவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. 180 என்று எழுதுமுன், தாளில் ஒரு முக்கோணத்தை வெட்டச் செய்க. அதன் மூன்று முனைகளையும் கிழித்து ஒரு கோட்டின்மீது அடுக்கச் செய்க. பின்னர் இணைகோட்டை வரைந்து, கண் கண்டதை அறிவு ஏற்குமாறு நிறுவுக. செங்கோணத்தின் செம்மை யாதென வினவுக. அப்போது தேற்றமும் சொல்லும் மாணவருக்கு ஒருங்கே உரியவாகும்.