கள்ளத்தோணி
கள்ளம், தோணி என்னும் இரு சொற்கள் கூடிய இது, அனுமதியின்றிக் கடல் கடக்கும் படகைக் குறித்துப் பிறந்து, பின்னர் இலங்கையில் அதிலேறி வந்தவனுக்கே வசைப்பெயராயிற்று. இலக்கணப் பண்டிதர் இதனை இடவாகுபெயர் என்று சொல்லி அமைவர். விசித்திரம் யாதெனில், சுவேதநதி வெள்ளத்தைத் தவிர வேறு பெருநீர் காணாத எங்கள் தம்மம்பட்டியை ஒத்த சேலம் ஜில்லாக் கிராமங்களிலிருந்து, கங்காணியிடம் முன்பணம் பெற்று, தோட்ட எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, மண்டபம் முகாமில் பரிசோதனைக்கு உட்பட்டு, சட்டப்படியே கப்பலேறிய தொழிலாளரும் அவர்தம் சந்ததியாரும் இவ்வசைக்குத் தப்பவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ, களத்துமேட்டில் நெல்லளப்பதுபோல், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974 வரை கிடப்பிலிருந்தது.