லோஹேகாவின் மறதிப் பெட்டிகள்

லோஹேகாவ் காவலுக்குப் பழகிய ஊர். 1939-ல் பிரிட்டிஷார் இங்கே விமானப்படைத் தளம் அமைத்தார்கள். புனேவுக்கு வரும் பயணிகள் விமானங்களும் இன்று அந்தத் தளத்தின் ஓடுபாதையில்தான் இறங்குகின்றன. கிராமமாக எஞ்சியிருந்த பகுதி 2017 அக்டோபரில் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஓடுபாதையைச் சுற்றி எழுந்த ஹவுசிங் சொசைட்டிகளின் வாசலில் வாட்ச்மேனும் அவருடைய வருகைப் பதிவேடும் இருந்த இடத்தில், இப்போது கேமராவும், ஓர் அறையின் மூலையில் அதன் காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டியும் இருக்கின்றன. கண்காணிப்புக் கேமராவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் லென்ஸ் எப்படிக் கூர்மையானது என்பதையே எழுதுகிறார்கள். பதிவை யார் அழித்தார்கள், எப்போது அழித்தார்கள் என்பதே அதைவிட முக்கியமான வரலாறு. வீடுகளில் 'ரெக்கார்டிங் இல்லை' என்று வரும் புகார்களில் பலவற்றின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அழிப்பதற்கு எதுவுமே இருக்கவில்லை. 1942-ல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் வி-2 ராக்கெட் ஏவப்படுவதைத் தொலைவிலிருந்து பார்க்க வால்டர் ப்ரூக் அமைத்த கேமரா காட்டியது, அவ்வளவுதான். திரைமுன் இருந்தவரின் நினைவே பதிவு. 1956-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ டேப் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் கடைகளும் வங்கிகளும் டைம்-லாப்ஸ் விசிஆர் வாங்கின: நொடிக்குச் சில படங்கள் மட்டும் எடுத்து, சில மணி நேர கேசட்டில் ஒரு முழு நாளை அடைக்கும் கருவி அது. தினமும் ஒருவர் கேசட்டை மாற்ற வேண்டும். பழையதை எடுத்து அதன்மேலேயே மீண்டும் பதிய வேண்டும். தேய்ந்துபோன கேசட்டில் முகங்கள் சாம்பல் திட்டுகளாயின, மாற்ற மறந்த நாள்களும் உண்டு. ஆனாலும் அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. எந்த நாளை அழிக்கிறோம் என்று தெரிந்தே ஒரு கை அழித்தது. நேற்று ஏதாவது நடந்திருந்தால் அந்தக் கேசட்டை அலமாரியில் எடுத்து வைக்க அந்தக் கைக்கு வாய்ப்பும் இருந்தது.

ஹார்டு டிஸ்க் வந்ததும் அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போனது. டிஸ்க் நிரம்பியதும் மிகப் பழைய பதிவின்மேல் புதியது தானாக எழுதப்படும். டெக்னீஷியன்கள் 'ஓவர்ரைட்' என்பது இதைத்தான். கணக்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி, நான்கு கேமராவுக்கு 86 ஜிபிக்கு மேல். 1 டிபி டிஸ்க் பதினோரு நாள்தான் தாங்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் குடும்பம், போன மறுநாள் நடந்த திருட்டைப் பிளேபேக்கில் தேடினால் கிடைக்காது. பெட்டி பழுதல்ல, சொன்னதைச் செய்திருக்கிறது. ஓவர்ரைட்டை அணைத்து வைத்தாலோ டிஸ்க் நிரம்பியதும் பதிவு நின்றுவிடும். டிஸ்க் வாங்கும்போது எத்தனை நாள் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, விலையைத்தான் கேட்கிறார்கள்.

பதிவு தானாக அழியும் அமைப்பு என்ன செய்யும் என்பதற்குத் தமிழகத்திலேயே கொடிய சான்று உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தாக்கப்பட்டு இறந்தபின் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், கேமரா பதிவின் ஹார்டு டிஸ்கில் 1 டிபி இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று அறிக்கை தந்தார். லென்ஸ், டிஸ்க் இரண்டிலும் குறையில்லை. மெனுவில் ஒரு தேர்வு, அவ்வளவே.

தெளிவில்லாத படத்தை எத்தனை நாள் வைத்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, புனேவே அதற்கு எடுத்துக்காட்டு. 2010 பிப்ரவரி 13 அன்று கோரேகாவ் பார்க்கின் ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். கேமரா பதிவு இருந்தது. மே மாதத்தில் ஒருவர் கைதானபோது, அதில் தெரிபவர் இவரே என்று சொல்லப்பட்டது. பின்னர் அந்த வழக்கில் அவர்மேல் குற்றம் சாட்டப்படவில்லை. மங்கலான பதிவு தவறான ஆளையும் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் பதிவு எஞ்சியிருந்தால்தான் அந்தத் தவறையும் சோதிக்க முடியும்.

செல்பேசியில் நேரலையாகப் பார்த்துக்கொள்கிறோமே, போதாதா என்பது இன்னொரு வாதம். பார்த்ததாகச் சொல்வது பதிவுக்கு ஈடாகாது. வாரணாசியில் ஒரு ஹோட்டல் அறையில் நடந்த மரணத்துக்காக இரண்டு இத்தாலியர்கள் தண்டிக்கப்பட்ட வழக்கில், ஹோட்டல் கேமரா பதிவைப் பார்த்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். பதிவு நீதிமன்றத்துக்கு வரவில்லை. சிறந்த சான்றைக் கொண்டுவராதது அரசுத் தரப்பையே பலவீனமாக்குகிறது என்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தேர்தல் வழக்கில், வேட்புமனு எத்தனை மணிக்கு வந்தது என்பதற்குத் தேர்தல் அலுவலகத்தின் வீடியோ பதிவே சான்றாக வந்தது. பிரதிக்குச் சான்றிதழ் கட்டாயம், அசல் கருவியையே அதன் உரிமையாளர் கொண்டுவந்து நிறுவினால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020 ஜூலையில் தீர்ப்பானது. மணியே வழக்காகும் இடத்தில் டிவிஆரின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்தால், மின்வெட்டுக்குப் பிறகு தேதி பல ஆண்டு பின்னோக்கி ஓடிவிடும். காட்சி டிஸ்கில் இருந்தும் தேடும் தேதியில் அகப்படாது. பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்தோடு இணைத்தால் தீர்ந்தது. கேமராவுக்கும் பெட்டிக்கும் சேர்த்து யுபிஎஸ் இருப்பதும், அசைவு தெரிந்தால் மட்டும் பதியும் அமைப்பை வாசல் கேமராவுக்கு மட்டுமாவது நீக்கி இடைவிடாமல் பதிய வைப்பதும் அடுத்த வேலைகள்.

எல்லாவற்றையும் எப்போதும் வைத்திருக்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பதை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பது காவலாகாது, வேவு. எத்தனை நாள் என்பதைத் தொழிற்சாலையில் அமைத்தபடி விடாமல், சொசைட்டி தன் பொதுக்குழுவில் பேசி எழுதி வைக்க வேண்டும். ஏதாவது நடந்தால் அன்றே பேக்கப் எடுப்பது யார் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். காவல் நிலையங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் இப்படித்தான் காலம் வகுத்தது: 18 மாதம், சந்தையில் அவ்வளவு கொள்ளும் கருவி இல்லையென்றால் முடிந்தவரை, எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல்.