பழையனூர் நீலி கதை

பழையனூர் நீலி கதை தொண்டை மண்டலத்தில் தொன்றுதொட்டு வழங்கிவரும் பழிக்கதை. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டை ஒட்டியுள்ள பழையனூர் என்னும் ஊரில் நடந்ததாகச் சொல்லப்படுவது. கணவன் கையால் மாண்ட பெண் பேயாகி, மறுபிறவியில் அவனைத் தேடி வந்து கொல்வது கதையின் முதற்பாதி. அவளை அவன் மனைவி என்று நம்பி, அவன் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபது பேர் கொடுத்த வாக்கைக் காக்கத் தீக்குழியில் இறங்குவது பிற்பாதி. கி.பி. 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே இதன் சாயல் தென்படுகிறது. எதிர்பாராத முடிவைக் கொண்ட தமிழ்க் கதைகளின் வரலாற்றை இந்தக் கதையிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

இடம்

திருவாலங்காடு சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருவள்ளூருக்கு மேற்கே உள்ளது. ஆலமரக் காடாக இருந்ததால் பெற்ற பெயர். இங்குள்ள வடாரண்யேசுவரர் கோயில் நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபை. பழையனூர் இக்கோயிலோடு பிரிக்க முடியாதபடி இணைந்த ஊர். முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இக்கோயிலுக்குத் தேவதானமாக அளித்தான். அதைப் பதிவு செய்தவையே 1905இல் கிடைத்த, சோழர் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றான, திருவாலங்காட்டுச் செப்பேடுகள்.

காரைக்கால் அம்மையார் வாழ்ந்து பாடியதும் இதே ஆலங்காட்டில்தான். கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகியபின், அழகுடம்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் அவர். ஆக, இந்த ஒரே காட்டில் இரண்டு பேய்ப்பெண்களின் கதைகள் குடியிருக்கின்றன. ஒருத்தி கணவனைப் பிரிந்து இறைவனைப் பாடினாள். மற்றொருத்தி கணவனைத் தேடி வந்து உயிர் குடித்தாள்.

கதை

வடிவத்துக்கு வடிவம் பெயர்களும் முற்பிறவிச் செய்திகளும் மாறினாலும் நடுக்கதை மாறுவதில்லை. காஞ்சிபுரத்தில் மனைவியுள்ள ஒருவன் காசிக்குப் போன இடத்தில் இரண்டாவதாக ஒருத்தியை மணக்கிறான். அவளோடு ஊர் திரும்பும் வழியில் முதல் மனைவியின் நினைவு வர, ஆலங்காட்டருகே இரண்டாமவளைக் கொன்றுவிடுகிறான். துணைக்கு வந்த அவள் தமையனும் மாள்கிறான். அடுத்த பிறவியில் கொன்றவன் காஞ்சிபுரத்து வணிகனாகவும், கொல்லப்பட்டவள் நீலி என்னும் பேயாகவும் பிறக்கிறார்கள்.

வணிகன் பழையனூர் வழியாக வருகிறான். தீங்கு நேருமென்று முன்பே அறிந்திருந்ததால் பேயை அண்டவிடாத வாள் ஒன்று அவன் கையில் இருக்கிறது. அதனால் நீலி நெருங்க முடியவில்லை. கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவனால் கைவிடப்பட்ட மனைவியைப்போல் அழுதபடி பின்தொடர்கிறாள். வணிகன் ஊர் வேளாளர் அவையில் அடைக்கலம் புகுந்து, இவள் என் மனைவியல்லள், பேய் என்று முறையிடுகிறான். அவளோ ஊராரிடம் நியாயம் கேட்கிறாள். அவையோர் குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேரே வணிகனிடம் ஓடி, அப்பா என்று மடியில் ஏறிக்கொள்கிறது.

அதற்குமேல் அவைக்குச் சான்று தேவைப்படவில்லை. அவன் கையில் வாள் இருந்தால் இரவில் தன்னைக் கொன்றுவிடுவான் என்று நீலி அஞ்சுவதாக நடிக்க, அதையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். வணிகன் நடுங்குகிறான். உனக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் தருகிறோம் என்று வாக்களித்து, இருவரையும் ஓர் அறையில் தங்க வைக்கிறார்கள். விடிந்ததும் கதவைத் திறந்தால் வணிகன் வயிறு கிழிந்து கிடக்கிறான். நீலியைக் காணவில்லை.

பிணை கேட்டவன் இறந்துவிட்டான். வாக்கை நிறைவேற்றச் சொல்லி வற்புறுத்த யாருமில்லை. ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லி விலகவும் வழியிருந்தது. எழுபது பேரும் தீ வளர்த்து அதில் இறங்கினார்கள். அவர்களுள் ஒருவர் அந்நேரம் வயலில் உழுதுகொண்டிருந்தார் என்றும், செய்தி கேட்டதும் ஏர்க்கொழுவில் பாய்ந்து உயிர் விட்டார் என்றும் ஒரு வழக்கு சொல்கிறது.

இலக்கியச் சான்றுகள்

காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் என்பதால் திருவாலங்காட்டில் கால் வைக்கத் தயங்கிய திருஞானசம்பந்தர் அருகிலேயே இரவு தங்கினார் என்றும், நம்மைப் பாட மறந்தாயோ என்று இறைவன் கனவில் வந்து கேட்டார் என்றும் பெரியபுராணம் கூறும். அப்போது பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் முதல் திருமுறையில் உள்ளது. வஞ்சனையால் ஒருத்தி உயிர் கொண்டதையும், அதைக் கேட்டு அஞ்சும் பழையனூரையும் அதன் முதற்பாட்டு குறிப்பிடுகிறது. விளக்கம் எதுவும் தராமல் சம்பந்தர் கடந்து போவதால், கேட்போருக்கு அது முன்பே தெரிந்த கதையாக இருந்திருக்க வேண்டும்.

எழுபது பேரின் தியாகம் விரிவாகப் பேசப்படுவது பிற்காலத்தில். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய சேக்கிழார் புராணம், சேக்கிழார் பிறந்த வேளாளர் மரபின் சிறப்பைச் சொல்லுமிடத்தில் இந்நிகழ்ச்சியை எடுத்தாள்கிறது. படிக்காசுப் புலவரின் தொண்டை மண்டல சதகமும் இதை அம்மண்டலத்தின் பெருமைகளுள் ஒன்றாகப் பாடுகிறது. தேவாரத்தில் பேயின் வஞ்சனையாக இருந்த கதை, புராணத்திலும் சதகத்திலும் சொல் தவறாதவர்களின் கதையாகிவிட்டது. கதையின் எடை முதற்பாதியிலிருந்து பிற்பாதிக்கு நகர்ந்திருப்பதை இதில் காணலாம்.

நீலகேசியும் குண்டலகேசியும்

சமணர்கள் இதே நீலிக்கு வேறொரு முடிவைத் தந்தார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியின் தலைவி பழையனூர் நீலிதான். பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரர், காளிக்கு ஆடு பலியிட வந்தவர்களிடம் மண்ணால் செய்த உருவங்களைப் படைத்தால் போதும் என்கிறார். பலி நின்றுபோனதால் சினந்த காளி தென்னாட்டு நீலியின் உதவியை நாடுகிறாள். நீலி அச்சுறுத்திப் பார்க்கிறாள். அழகியாக வந்து மயக்கியும் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. கொல்ல வந்தவள் அவர் காலடியில் அமர்ந்து கொல்லாமை கற்கிறாள். பிறகு ஊர் ஊராகச் சென்று பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். இக்காப்பியம் சமய திவாகர வாமன முனிவர் உரையுடன் அ. சக்கரவர்த்தி நயினாரால் 1936இல் பதிப்பிக்கப்பெற்றது.

நீலகேசி வாதில் வெல்வோருள் ஒருத்தி குண்டலகேசி. அவள் பெயரால் நாதகுத்தனார் இயற்றிய பௌத்தக் காப்பியம் மறைந்துவிட்டது. சில பாடல்களே எஞ்சியுள்ளன. கதையை நமக்குக் காத்துத் தந்தது அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரை. கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட கள்வன் காளனைக் கண்டு காதலித்து மணக்கிறாள், பின்னாளில் குண்டலகேசி எனப்பட்ட பத்திரை. ஊடலில் அவனைக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள். அதை மனத்தில் வைத்தவன் மலையுச்சிக்கு அழைத்துப்போய், உன்னைக் கொல்லப்போகிறேன் என்கிறான். சாகுமுன் கணவனை வலம்வர வேண்டும் என்று கேட்டு, வலம் வருபவள்போலப் பின்புறம் சென்று அவனைத் தள்ளிவிடுகிறாள். இந்த மலையுச்சித் திருப்பமே 1950இல் மந்திரி குமாரி திரைப்படத்துக்கு உதவியது. எதிர்பாரா முடிவால் நிலைத்த இரண்டு கதைகளின் தலைவியர் ஒரு காப்பியத்தில் எதிரெதிரே அமர்ந்து வாதிடுவது தமிழுக்குக் கிடைத்த அரிய காட்சி.

தென்னாட்டு வடிவம்

நாஞ்சில் நாட்டில் இக்கதை வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிறது. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் கள்ளியங்காட்டு நீலி, மலையாளத் தொன்மக் கதைகளிலும் யட்சியாக இடம்பெறுகிறாள். 2025இல் வெளியான லோகா என்னும் மலையாளப் படம் அவளை மக்களைக் காக்கும் நாயகியாக்கியது. பழையனூரில் பேய், நீலகேசியில் வாதி, நாஞ்சிலில் இசக்கி என்னும் நாட்டார் தெய்வத்தை ஒத்தவள், திரையில் காவலாள் என ஒவ்வொரு காலமும் அவளுக்கு ஒரு முடிவை எழுதிப் பார்த்திருக்கிறது.

கதைக் கட்டு

நீலி யார் என்பது கேட்பவருக்குத் தொடக்கத்திலேயே தெரியும், அவைக்குத் தெரியாது. ஆகவே வணிகன் சாவது திடுக்கிட வைப்பதில்லை, அது வந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பதைக்கத்தான் முடியும். வியப்பு அதற்குப் பின்னால் காத்திருக்கிறது.

கேட்பவரின் பரிவு இரண்டு முறை இடம் மாறுகிறது. முதலில் காட்டில் கொல்லப்பட்டவள்மேல் இரக்கம் வருகிறது. உண்மை சொல்லியும் எவரும் நம்பாமல் தவிக்கும் வணிகனைக் கண்டதும் அது அவன் பக்கம் சாய்கிறது. கடைசியில், தவறான தீர்ப்புச் சொன்னவர்களிடம் போய்ச் சேர்கிறது. கதை முழுதும் சான்றுகள் பொய் சொல்கின்றன: கண்ணீர், குழந்தை, அப்பா என்ற அழைப்பு எல்லாமே பொய். பொய்க்காமல் எஞ்சுவது எழுபது பேர் கொடுத்த சொல் ஒன்றே. முடிவு தெரிந்த பிறகும் 1,300 ஆண்டுகளாக மக்கள் இதைக் கேட்பதற்குக் காரணம் அதுதான். வெறும் தந்திரத்தால் வரும் திருப்பம் ஒரு முறையோடு தீர்ந்துவிடும். மனிதரின் குணத்திலிருந்து பிறக்கும் திருப்பம் தீர்வதில்லை.

சிறுகதைக் காலத்தில்

மேலைநாட்டில் எதிர்பாரா முடிவைப் புகழ்பெறச் செய்தவர்கள் பிரான்சின் மாப்பசானும் அமெரிக்காவின் ஓ. ஹென்றியும். இரவல் நகையைத் தொலைத்து வாழ்நாளைத் தேய்த்தவளுக்கு அது போலி நகை என்று கடைசியில் தெரியவருவதைச் சொல்லும் மாப்பசானின் கதை 1884இல் வெளிவந்தது. ஒருவருக்கொருவர் பரிசளிக்கத் தங்கள் அருமைப் பொருளை விற்றுவிடும் ஏழைத் தம்பதியைப் பற்றிய ஓ. ஹென்றியின் கதை 1905இல் வந்தது.

தமிழில் வ.வே.சு. ஐயரின் குளத்தங்கரை அரசமரம் 1915இல் விவேகபோதினியில் வெளியானது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகப் பலரும் கருதும் அக்கதையே எதிர்பாரா முடிவைக் கொண்டது. ருக்மிணியின் குடும்பம் நொடித்ததும் மாமியார் வீட்டார் அவள் கணவன் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். அவன் சம்மதிப்பதுபோல நடித்துக் கடைசி நேரத்தில் மறுக்கத் திட்டமிடுகிறான். அதை ருக்மிணியிடம் சொல்லாமல் விடுகிறான். உண்மை அறியாத அவள் குளத்தில் மூழ்கி இறக்கிறாள். பழையனூரில் கொடுத்த சொல் எழுபது உயிர்களை எடுத்தது. அரசமரத்தடியில் சொல்லாமல் விட்ட சொல் ஓர் உயிரை எடுத்தது.

1943இல் புதுமைப்பித்தன் எழுதிய சாப விமோசனத்தில், சீதையையும் இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று அறிந்த அகலிகை மறுபடி கல்லாகிறாள். கு. அழகிரிசாமியின் அன்பளிப்பு கதையில், பரிசு கிடைக்காத சிறுவன் சாரங்கன் தானே கொண்டுவந்த டைரியை நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித்தரச் சொல்கிறான். அங்கே யாரும் சாவதில்லை. எழுதப்படாத ஒரு சொல்லுக்காகப் படிப்பவர் மனம் கனத்துப்போகிறது.

நீலி கதைக்கு மிக நெருங்கி நிற்பது, சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய ஜோதிடர் கதை. 1947இல் வெளியான அவரது தொகுப்புக்கு அதன் தலைப்பே பெயர். தன்னைக் கத்தியால் குத்திக் கிணற்றில் தள்ளியவனைப் பழிதீர்க்கத் தேடும் ஒருவன் தெருவோர ஜோதிடரிடம் குறி கேட்கிறான். உன் எதிரி இறந்துவிட்டான், ஊர் போய்ச் சேர் என்கிறார் ஜோதிடர். குத்தியவனே அவர்தான் என்பது வீடு திரும்பி மனைவியிடம் பேசும்போது வெளிப்படுகிறது. பழையனூர் வணிகனுக்குக் கிட்டாத தப்பிப்பு இந்த ஜோதிடருக்கு ஒரு சொல்லால் கிட்டியது.

நினைவிடமும் மொழி வழக்கும்

எழுபது பேர் தீக்குளித்ததாகக் கருதப்படும் இடத்தில் அவர்கள் உருவங்களைக் காட்டும் நினைவு மண்டபம் உள்ளது. அதை நோக்கி நிற்கும் கோயிலில் இறைவன் பெயர் சாட்சி பூதேசுவரர். அவையில் கிடைக்காத மெய்ச்சாட்சியை ஊர் பின்னாளில் தெய்வமாக நிறுத்திக்கொண்டதுபோல் இருக்கிறது அந்தப் பெயர்.

மொழியில் நிலைத்தது நீலியின் அழுகைதான். பொய்யாக அழுவதை நீலிக்கண்ணீர் என்று தமிழர் எங்கும் சொல்கிறார்கள். அவ்வழக்கு பிறந்தது அவையில் அவள் வடித்த கண்ணீரால். அதற்கு ஒரு பிறவி முன்னால், நம்பி வந்த கணவன் கையால் இதே ஆலங்காட்டில் சாகும்போது அவள் சிந்திய கண்ணீர் மெய்யானது. அதைத் துடைக்க அன்று எந்த அவையும் இல்லை. கதை அங்கேதான் தொடங்கியது.